கேம் கன்ட்ரோலரில் அடுத்து என்ன வேண்டும்? பிசி, வி.ஆர். இரண்டுக்கும் ஓர் எளிய விளக்கம்

"அண்ணா, கையே வைக்கல, ஆளு தானா இடதுபக்கம் நடக்குறான்." பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கன்ட்ரோலர் பழுதுபார்க்கும் கடைகளில் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. இந்தக் கோளாறுக்கு ஸ்டிக் டிரிஃப்ட் என்று பெயர்; ஸ்டிக் என்பது கட்டைவிரலால் தள்ளும் சின்னக் குச்சி. அடுத்த தலைமுறைக் கன்ட்ரோலர் எப்படி இருக்க வேண்டும் என்று விளையாடுகிறவர்களிடம் கேட்டால், புது வசதிகளுக்கு முன்பாக இதைத்தான் சொல்வார்கள்: இருக்கிறதே முதலில் ஒழுங்காக உழைக்கட்டும்.

கன்ட்ரோலருக்கு இரண்டு வேலை. விரல் செய்ததை விளையாட்டுக்குச் சொல்ல வேண்டும்; விளையாட்டில் நடந்ததைக் கைக்குச் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி போகும் வழியில் பல கை மாறுகிறது. ஸ்டிக்கின் அடியில் ஒரு சென்சர், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப், கேபிள் அல்லது ரேடியோ, பிறகு விண்டோஸ், கடைசியில் விளையாட்டு. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் தொலைகிறது. எங்கே எது தொலைகிறது என்று தெரிந்துவிட்டால், பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குத் தேவையில்லை என்பது புரிந்துவிடும்.

ஸ்டிக் ஏன் தானாக நகர்கிறது

சாதாரணக் கன்ட்ரோலரின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டிக்கின் அடியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டிய இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று இடவல அசைவை அளக்கிறது, மற்றது மேல்கீழ் அசைவை. உள்ளே குதிரை லாட வடிவில் கார்பன் பூசிய ஒரு தடம். அதன்மேல் உரசியபடி ஓர் உலோக நாக்கு. இதைப் பொட்டன்ஷியோமீட்டர் என்பார்கள். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருப்பதும் இதே பாகம்தான். நாளாக ஆக அந்தத் திருகு கரகரப்பது ஏனோ, அதே காரணத்தால்தான் ஸ்டிக்கும் கெடுகிறது. உரசி உரசிக் கார்பன் தேய்கிறது, தேய்ந்த தூள் நாக்குக்கும் தடத்துக்கும் நடுவில் சிக்குகிறது, மின்தடை மாறிவிடுகிறது. ஸ்டிக் எந்நேரமும் நடுவுக்குத் திரும்பி நிற்பதால் தேய்மானம் அதிகம் தெரிவதும் நடுப்பகுதியில்தான். நடு எது என்பதே கன்ட்ரோலருக்கு மறந்துபோகிறது. ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே அறிகுறிதான்.

சோதிப்பது சுலபம். பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து, கன்ட்ரோலரை மேசையில் வைத்து, கையை எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கின் இரண்டு அச்சுக்கும் எண்கள் ஓடும். முழுத் தள்ளலுக்கு 1, நடுவுக்கு 0. ஓய்வில் 0.05க்குள் இருந்தால் கவலையில்லை. பிறகு ஒவ்வொரு திசையிலும் கடைசிவரை தள்ளி, மெதுவாக ஒரு முறை, சட்டென்று ஒரு முறை விட்டுப் பாருங்கள். எப்போதும் 0.04இல் வந்து நின்றால் அது வெறும் அளவுப் பிசகு, மென்பொருளில் சரிசெய்துவிடலாம். ஒரு முறை 0.02, அடுத்த முறை 0.11, மறுபடி 0.07 என்று இடம் மாறி மாறி நின்றால் அது தேய்மானம். ஓய்வில் இருக்கும்போதே எண் துள்ளினால் கார்பன் தூள்.

இதை மறைக்கக் கம்பெனிகளும் விளையாட்டுகளும் கையாளும் வழி டெட்ஸோன். நடுவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நடப்பதையெல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது. எவ்வளவு பெரிய வட்டம்? எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தன் நிரலாளர்களுக்குப் பரிந்துரைத்த எண், மொத்தம் 32,767 படிகளில் இடது ஸ்டிக்குக்கு 7,849, வலதுக்கு 8,689. அதாவது கால்வாசித் தூரம்! குறிபார்க்கும் விளையாட்டில் நுட்பமான அசைவெல்லாம் அந்தக் கால்வாசிக்குள்தான் இருக்கிறது. அதனால் டிரிஃப்ட் வந்தவுடன் டெட்ஸோனைக் கண்டபடி ஏற்ற வேண்டாம். டெஸ்டரில் தெரியும் உச்ச எண்ணுக்குக் கொஞ்சம் மேலே, 0.06 காட்டினால் 0.08 என்று வையுங்கள். அது 0.15ஐத் தாண்டினால் பாகத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடுமே என்பார்கள். தூள்தான் காரணம் என்றால் சரியாகும், கொஞ்ச காலத்துக்கு. தேய்ந்த கார்பன் திரும்ப முளைக்காது. அடிப்பதானால் பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். எச்சம் விடாமல் ஆவியாகும் எலக்ட்ரானிக் கிளீனரோ 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ மட்டும் போதும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அது தூளைக் குழைத்துச் சேறாக்கி உள்ளேயே நிறுத்திவிடும்.

உரசாத சென்சர்

உரசுவதுதான் சிக்கல் என்றால், உரசாமல் அளந்தால் என்ன? ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், எதிரே தொடாமல் ஒரு சென்சர். காந்தம் திரும்பும்போது புலம் மாறுகிறது, சென்சரின் மின்னழுத்தமும் மாறுகிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு இது; அதனால் ஹால் சென்சர் என்று பெயர். கன்ட்ரோலருக்கும் இது புதிதல்ல. 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்டின் ஸ்டிக்கே ஹால் சென்சரில்தான் ஓடியது. அத்தனை வருடத்துக்கு முன்பே விற்பனைக்கு வந்த ஒன்று, இன்றும் பெரிய கன்சோல் கம்பெனிகளின் சாதாரண மாடல்களின் ஸ்டிக்கில் இல்லை. விளையாடுகிறவர்களின் கோபம் நியாயமானது.

ஆனால் ஹால் என்று போட்டிருந்தால் டிரிஃப்டே வராது என்று நம்ப வேண்டாம். கார்பன் தேயாது, அவ்வளவுதான். ஸ்பிரிங் தளரும். நடுப்புள்ளியைத் தொழிற்சாலையில் சரியாகப் பதியாமல் விட்டிருந்தால் முதல் நாளே விலகி நிற்கும். பின்பக்கம் காந்த வளையம் உள்ள மொபைலைப் பக்கத்தில் வைத்தாலோ, ஸ்பீக்கர் காந்தத்துக்கு ஒட்டி வைத்தாலோ அளவு ஆடலாம். ஹால் சென்சர் தொடர்ந்து மின்சாரம் குடிப்பதால் வயர்லெஸ் கன்ட்ரோலரில் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

அடுத்து வந்திருப்பது டிஎம்ஆர். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய காப்புப் படலம். காந்தத்தின் திசை மாறினால் அதன் மின்தடை மாறும். ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முனைகளில் பல வருடமாகப் புழங்கும் நுட்பம். ஹாலைவிடப் பலமான சிக்னல், மிகக் குறைந்த மின்செலவு. ஸ்டீம் என்ற பிசி விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த புதிய ஸ்டீம் கன்ட்ரோலரில் டிஎம்ஆர் ஸ்டிக்தான். எங்கள் கணிப்பில், நல்ல ஹாலுக்கும் நல்ல டிஎம்ஆருக்கும் கையில் தெரியும் வித்தியாசம் சொற்பம். பேட்டரி நேரத்தில்தான் தெரியும். அதைவிட ஸ்பிரிங்கின் தரமும், பயனரே நடுப்புள்ளியைத் திரும்பப் பதியும் வசதியும் முக்கியம். பெட்டியில் இதை எழுதியிருக்க மாட்டார்கள். விற்பவரிடம் கேளுங்கள்: "இதுல கேலிப்ரேஷன் நாமளே பண்ணலாமா?"

கெட்டால் கழற்றி மாற்ற முடிவது இன்னொரு பெரிய எதிர்பார்ப்பு. சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜில் (2023) ஸ்டிக் தொகுதி முழுவதையும் சோல்டரிங் இல்லாமல் உருவி மாற்றலாம். சாதாரணக் கன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக்குக்கு 14 சோல்டர் புள்ளிகள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைத் திறக்கவே நடுவில் துளையுள்ள டி8 ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஐந்து திருகுகளில் ஒன்று பேட்டரி அறைக்குள் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் நெம்பித்தான் பலர் பிளாஸ்டிக்கை உடைக்கிறார்கள்.

தொழிற்சாலையில் ஈயமில்லாத சோல்டரைப் போடுகிறார்கள். அது 217 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும். எனவே ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் 183 டிகிரியில் உருகும் ஈயச் சோல்டரைக் கொஞ்சம் கலந்து, சோல்டரிங் முனையை 350 டிகிரி அளவில் வைத்து, பிறகே உறிஞ்சி எடுக்க வேண்டும். கிரவுண்டோடு சேர்ந்த புள்ளிகளில் போர்டு சூட்டை இழுத்துக்கொள்ளும், சோல்டர் லேசில் இளகாது. பொறுமையிழந்து தொகுதியைப் பிடித்து இழுத்தால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்துவிடும். அங்கேதான் மலிவான ரிப்பேர்கள் சீரழிகின்றன. 14 காலில் ஒன்று முழுதாக இளகாமல் இருந்தாலும் இழுக்கக் கூடாது. புது ஹால் தொகுதி போட்டபின் நடுப்புள்ளியைப் பதியாமல் கன்ட்ரோலரைத் தந்தால் வாங்காதீர்கள். கடையிலேயே டெஸ்டரில் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டன்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் மெத்தை உள்ளது மென்மையாக அமுங்கும், மவுஸில் இருப்பதுபோன்ற மைக்ரோஸ்விட்ச் டக்கென்று ஒலிக்கும். எது பிடிக்கிறதோ அது. கைப்பிடியின் மேற்பூச்சை மட்டும் கவனியுங்கள்: வெல்வெட் மாதிரி வழவழப்பான ரப்பர் பூச்சு சில வருடத்தில் ஈரப்பதம் பட்டுப் பிசுபிசுக்கத் தொடங்கும். சொரசொரப்பு அச்சோடு வார்த்த வெறும் பிளாஸ்டிக் நெடுநாள் நிற்கும்.

எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும்

கன்ட்ரோலர் தன் நிலையைக் கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை சொல்கிறது என்பது போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிநொடிக்கு ஒரு முறை, 1,000 என்றால் 1 மில்லிநொடிக்கு ஒரு முறை. 125இலிருந்து 1,000க்குப் போனால் சராசரிக் காத்திருப்பு 4 மில்லிநொடியிலிருந்து அரை மில்லிநொடியாகக் குறையும். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்தின் நேரம் 16.7 மில்லிநொடி, 144 படம் என்றால் 6.9. ஆக இந்த முன்னேற்றம் நிஜம், வேகமான விளையாட்டில் உதவும். 1,000இலிருந்து 8,000 என்று விளம்பரம் வந்தால்? அதில் கிடைப்பது சராசரியாக அரை மில்லிநொடிக்கும் குறைவு. அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

தாமதத்தைவிடத் தாமதம் சீராக இல்லாததுதான் ஆட்டத்தைக் கெடுக்கும். எப்போதும் 8 மில்லிநொடி என்றால் கை பழகிக்கொள்ளும். ஒரு முறை 5, ஒரு முறை 30 என்று வந்தால் பழகவே முடியாது. புளூடூத்தில் இந்த ஆட்டம் அதிகம். கூடவே வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியின் யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன ரேடியோத் துண்டு) பொதுவாகத் தேவலை, ஆனால் பெங்களூரு அடுக்குமாடிகளிலும் பி.ஜி.க்களிலும் அந்த அலைவரிசையில்தான் எல்லார் வீட்டு வைஃபையும் நெரிகிறது. முடிந்தவரை உங்கள் ரவுட்டரில் கணினியையும் மொபைலையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் உண்டு. நீல நிற யு.எஸ்.பி. 3 போர்ட்டும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். டாங்கிளைக் கணினியின் பின்னால் அந்தப் போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினால் சிக்னல் விட்டுவிட்டு வரும். அரை மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி, டாங்கிளை மேசைமேல் கன்ட்ரோலருக்கு எதிரே வையுங்கள். கன்ட்ரோலர் கோளாறு என்று நினைத்த பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

சார்ஜிங்கிலும் ஒரு தொல்லை. மலிவுக் கன்ட்ரோலர்கள் சிலவற்றில் டைப்-சி வாய் இருக்கும், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் அது சார்ஜே ஆகாது. மறுமுனையில் பழைய செவ்வக யு.எஸ்.பி. (டைப்-ஏ) உள்ள கேபிளில் மட்டும் ஆகும். ரிப்பேருக்கு ஓடுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸில் தொலைவது

இங்கேதான் பிசி விளையாடுகிறவர்களின் பெரிய மனக்குறை இருக்கிறது, பலர் அதைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டாலும்.

எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற, கன்ட்ரோலரும் விளையாட்டும் பேசிக்கொள்ளும் மொழியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் பட்டன் வரிசை வேறு வேறு; ஒவ்வொரு விளையாட்டிலும் கையால் பதிய வேண்டும். எக்ஸ்இன்புட் அந்தக் குழப்பத்தை ஒழித்தது. செருகினால் வேலை செய்யும். அதற்குக் கொடுத்த விலை, அந்த மொழியில் அந்தக் காலத்துக் கன்ட்ரோலரில் இருந்தவற்றுக்கு மட்டும்தான் சொல் உண்டு. இரண்டு ஸ்டிக், இரண்டு டிரிகர் (சுட்டுவிரலால் அமுக்கும் விசை), ஒரு திசைப்பலகை, குறிப்பிட்ட சில பட்டன்கள், இரண்டு அதிர்வு மோட்டார், அதிகபட்சம் நான்கு கன்ட்ரோலர். கைரோ (கன்ட்ரோலரின் சாய்வை உணரும் சென்சர்) கிடையாது. தொடுபலகை கிடையாது. பின்பக்கப் பட்டன் கிடையாது.

விளைவைப் பாருங்கள். நான்கு பின்பட்டன் உள்ள கன்ட்ரோலரை ஆசையாக வாங்குகிறீர்கள். அந்த நான்கும் விளையாட்டுக்குப் புதிய பட்டனாகத் தெரியாது. ஏ, பி, எக்ஸ், ஒய் போன்ற பழைய பட்டனின் நகலாகத்தான் வேலை செய்யும். கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காமல் குதிக்கலாம் என்ற பலன் உண்மைதான், ஆனால் கூடுதல் கட்டளை ஒன்றுகூடக் கிடைக்காது. கைரோவும் அப்படியே. கன்ட்ரோலரை லேசாகச் சாய்த்துக் குறியைத் திருத்துவது ஸ்டிக்கைவிட நுட்பமானது. பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், கடைசி ஓரிரு டிகிரிக்குக் கைரோ என்று பழகியவர்கள் திரும்பிப் போவதில்லை. ஆனால் எக்ஸ்இன்புட் முறையில் செருகினால் அந்தச் சென்சர் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது.

இப்போதைக்கு வழி, ஸ்டீம் மென்பொருளில் உள்ள ஸ்டீம் இன்புட் வசதி. ஸ்டீமில் கன்ட்ரோலர் அமைப்புக்குப் போய் அந்த விளையாட்டுக்கு ஸ்டீம் இன்புட்டை இயக்கி, கைரோவை மவுஸாகப் பதிந்து, வலது ஸ்டிக்கைத் தொட்டாலோ இடது டிரிகரை அமுக்கினாலோ மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். ஒரு சிக்கல் வரும்: சில விளையாட்டுகள் கன்ட்ரோலரும் மவுஸும் ஒரே நேரத்தில் வந்தால் குழம்பி, திரையில் பட்டன் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். அப்போது மொத்தத்தையும் விசைப்பலகை, மவுஸ் என்றே பதிந்துவிடுவது நல்லது. கன்ட்ரோலரில் முறை மாற்றும் பொத்தான் இருந்தால் கைரோவுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் முறையையோ, ஸ்டீமுக்கென்று தனியாகத் தந்த முறையையோ போட்டுப் பாருங்கள்.

கைக்குத் திரும்பி வரும் செய்தி

பழைய அதிர்வு, ஒருபக்கம் கனமான சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார். வேகமெடுக்கவும் நிற்கவும் நேரமாகும், அதனால் எல்லாமே ஒரே மாதிரி 'டுர்ர்' என்று வரும். புதியவற்றில் ஸ்பீக்கரைப்போல் சுருள் ஒன்று முன்னும் பின்னும் துடிக்கிறது. சரளைக்கல்லில் நடப்பதும் ஈர மண்ணில் நடப்பதும் உள்ளங்கையில் வேறு வேறாகத் தெரியும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் இதையும், விரலை எதிர்த்துத் தள்ளும் டிரிகரையும் பரவலாக்கியது.

பிசியில் அதைச் செருகினால் விண்டோஸ் நான்கு சேனல் ஒலிக்கருவியாகவும் அதைப் பார்க்கும். மூன்றாவது, நான்காவது சேனலில் போகும் ஒலிதான் கையில் அதிர்வாகிறது. புளூடூத்தில் இணைத்தால் விண்டோஸ் அந்த ஒலிக்கருவியைக் காட்டாது. எனவே பெரும்பாலான விளையாட்டுகளில் கேபிள் இல்லாவிட்டால் சாதாரண அதிர்வுதான். "வாங்கினேன், ஒன்றும் வித்தியாசம் இல்லையே" என்பவர்கள் கேபிளைச் செருகி, அந்த விளையாட்டுக்கு ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். கைரோவுக்கு அதை இயக்கு, அதிர்வுக்கு அதை அணை என்ற இந்த அலைக்கழிப்பு தீர வேண்டும் என்பதுதான் கேட்கப்படுவது. எல்லா வசதிக்கும் சொல் உள்ள ஒரு பொதுமொழி வேண்டும்.

வி.ஆர்.: கை எங்கே இருக்கிறது?

தலைக்கருவி மாட்டி விளையாடும் வி.ஆரில் (மெய்நிகர் உலகம்) பட்டனைவிடக் கை இருக்கும் இடம்தான் முதல் செய்தி. கன்ட்ரோலருக்குள் இருக்கும் முடுக்கமானியும் கைரோவும் மிக வேகமாக அசைவைச் சொல்லும், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இடத்தைக் கணக்கிட முடியாது. முடுக்கத்திலிருந்து இடத்துக்குப் போக இரண்டு முறை கூட்ட வேண்டும். பிழையும் கூடவே பெருகும். சாய்வில் வெறும் 1 டிகிரி தவறினால் புவியீர்ப்பில் ஒரு துண்டு, விநாடி வர்க்கத்துக்கு 0.17 மீட்டர், பொய் முடுக்கமாகச் சேரும். ஒரு நொடியில் கை எட்டு செ.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும், இரண்டு நொடியில் 34. அதனால் வெளியிலிருந்து ஒரு கண் அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. 2016இன் எச்டிசி வைவிலும் 2019இன் வால்வ் இண்டெக்ஸிலும் அறையின் மூலைகளில் வைக்கும் பெட்டிகள் லேசரை வீசும். கன்ட்ரோலர் அதை உணரும். கை முதுகுக்குப் பின்னால் போனாலும் தெரியும். விலை அதிகம், சுவரில் ஆணி அடிக்க வேண்டும். வாடகை வீட்டில் அட்வான்ஸ் தொகையை நினைத்துத் தயங்குகிறவர்கள் உயரமான ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளலாம். மெட்டா குவெஸ்ட் வகையில் தலைக்கருவியின் கேமராக்கள் கன்ட்ரோலரின் அகச்சிவப்பு விளக்குகளைப் பார்க்கின்றன. அமைப்பது எளிது. ஆனால் வில்லின் நாணைக் காதுவரை இழுத்தால், முதுகிலிருந்து அம்பை எடுத்தால், ஒரு கை மறு கையை மறைத்தால் கேமராவுக்குத் தெரியாது. மேலே சொன்ன பிழை அந்த நொடியில் வேலையைக் காட்டும். 2022இன் குவெஸ்ட் புரோ கன்ட்ரோலரில் கன்ட்ரோலருக்கே மூன்று கேமரா வைத்துத் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். பிழை குறைந்தது, விலையும் பேட்டரிச் செலவும் ஏறின. அடுத்த தலைமுறையில் கேட்கப்படுவது அந்தத் துல்லியம், பென்சில் செல்லில் பல நாள் ஓடும் சிக்கனத்தோடு.

பென்சில் செல் என்று கடையில் கேட்டு வாங்கும் ஏஏ செல்லைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். தீர்ந்தால் பத்து விநாடியில் மாற்றலாம். ஐந்தாறு வருடம் கழித்துப் பேட்டரி உப்பிக் கன்ட்ரோலரே வீணாவதும் இல்லை. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் 1.5க்குப் பதிலாக 1.2 வோல்ட் தருவதால் சில கன்ட்ரோலர்கள் அளவைக் குறைத்துக் காட்டும், ஆனால் நன்றாகவே ஓடும்.

இரண்டாவது எதிர்பார்ப்பு, விரல்கள். இண்டெக்ஸ் கன்ட்ரோலரைப் பட்டை உள்ளங்கையோடு பிடித்துக்கொள்ளும். கையை விரித்து விடலாம், விளையாட்டிலும் பொருள் கீழே விழும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதும் தெரியும். வால்வ் சொல்லும் கணக்கில் ஒரு கன்ட்ரோலருக்கு 87 சென்சர். இதைப் பழகியபின் பிடிப்பதற்கு டிரிகரை அமுக்குவது செயற்கையாக இருக்கும். வெறுங்கையைக் கேமராவில் பார்க்கும் முறை மெனுவுக்கும் படம் பார்க்கவும் போதும். துப்பாக்கிக்கும் வாளுக்கும் போதாது, தொடும் உணர்வே இல்லாததால். மேசையைத் தொட்டால் கை ஊடுருவிப் போகிறது என்ற குறையை எந்தக் கையடக்கக் கன்ட்ரோலரும் இன்னும் தீர்க்கவில்லை.

வி.ஆர். ஒரு விஷயத்தில் பிசியை முந்திவிட்டது. க்ரோனோஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஓப்பன்எக்ஸ்ஆர் தரத்தில், விளையாட்டு 'ஏ பட்டன் அமுங்கியதா' என்று கேட்பதில்லை. 'பிடி', 'எறி' என்று செயலின் பெயரைச் சொல்கிறது. எந்தக் கன்ட்ரோலரில் அது எந்த அசைவு என்பதை இடையிலுள்ள மென்பொருள் பொருத்திக்கொள்ளும். நாளை புதுச் சென்சர் வந்தாலும் பழைய விளையாட்டு திகைத்து நிற்காது. ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறவருக்கும், விரலில் வலுவில்லாதவருக்கும் இந்த முறை பெரிய உதவி. 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் 19 சாக்கெட்டுகளில் கால்மிதியையோ பெரிய ஸ்விட்ச்சையோ செருகி விளையாடுகிறவர்களுக்கு, பட்டனை எங்கே வேண்டுமானாலும் மாற்றிப் பதியும் வசதி ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை.

நம் வீட்டு அறையில்

வி.ஆர். கையேடுகள் 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் கேட்கும். கட்டிலை நகர்த்தி அதைப் பிடித்துவிடலாம். அவர்கள் எழுதாதது மின்விசிறி. நம் அறைகளில் இறக்கை பெரும்பாலும் தரையிலிருந்து 2.3 முதல் 2.5 மீட்டரில் சுற்றும், 170 செ.மீ. உயரமுள்ளவர் கையைத் தூக்கினால் விரல்நுனி 2.1 மீட்டரைத் தாண்டும், கன்ட்ரோலரின் முனை இன்னும் மேலே. குதித்தால் சொல்லவே வேண்டாம். விளையாடும் இடத்தை விசிறிக்கு நேர்கீழே வைக்காதீர்கள், இல்லையேல் அணைத்துவிட்டு டேபிள் ஃபேன் போடுங்கள்.

கண்ணாடி பதித்த பீரோ லேசரையும் அகச்சிவப்பு ஒளியையும் திருப்பியடித்துக் கையை இரண்டாகக் காட்டிக் குழப்பும்; ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் போதும். கார்த்திகைக்கோ தீபாவளிக்கோ போட்ட சீரியல் செட் விளக்குகளைக் கேமரா கன்ட்ரோலரின் புள்ளிகள் என்று எண்ணிக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குவெஸ்ட் அமைப்பில் டிராக்கிங் அதிர்வெண்ணை 50 என்று கையால் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் அடியில் கை நடுங்குவது குறையும். தலைக்கருவியை ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்க வைக்கவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சில நிமிடத்தில் கருக்கிவிடும், அதற்கு ரிப்பேர் இல்லை.

எஸ்.பி. ரோட்டில் வாங்கப் போகிறவர்களுக்கு: ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும், வேலைநாளில் போங்கள். லேப்டாப்பைக் கொண்டுபோய், வாங்குமுன் டெஸ்டரில் ஸ்டிக்கை ஓரத்தோடு மெதுவாகச் சுழற்றுங்கள். வட்டம் ஏறத்தாழ வட்டமாகவே வர வேண்டும், சதுரமாகப் பிதுங்கினாலோ ஒரு பக்கம் தட்டையானாலோ வேறு பீஸ் கேளுங்கள். டிரிகரை மெல்ல அமுக்கினால் எண் 0இலிருந்து 1 வரை படிப்படியாக ஏற வேண்டும். நேராக 1க்குத் தாவினால் அது வெறும் ஸ்விட்ச், கார் விளையாட்டுக்கு உதவாது. பெட்டியில் ஹால் என்று இருந்தால் ஸ்டிக்குக்கா, டிரிகருக்கு மட்டுமா என்று கேளுங்கள்; டிரிகரில் மட்டும் வைத்துவிட்டுப் பெட்டியில் பெரிதாக எழுதும் வழக்கம் உண்டு. ரிப்பேருக்குத் தருவதானால் பழைய ஸ்டிக் தொகுதியைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் மாற்றினார்களா, கிளீனர் அடித்துத் தந்தார்களா என்பது தெரியும்.